முப்பத்தோராவது கிலோமீட்டர்

நாத்தனார் வளைகாப்பு என்று சொல்லி
அலுவலகத்தில் நான்கு நாள் லீவு வாங்கியிருந்தேன்.
எனக்கு நாத்தனார் கிடையாது.
இரண்டு வருடமாகக் கணவனும் கிடையாது.
லீவு படிவத்தில் அதையெல்லாம் எழுத இடமில்லை.

சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள்:
திண்டுக்கல் பிரியாணி, ஒரு மணிக்குள், இல்லாவிட்டால் தீர்ந்துவிடும்.
விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா.
கோவில்பட்டியில் ஹாக்கி, லைட் போட்ட பிறகு.
கடலைமிட்டாய் அரைக்கிலோ, ஆட்டத்துக்கு முன்பே வாங்கவும்.
திருநெல்வேலிக்கு நேராக ஒரு கேள்விக்குறி.
அது அல்வாவுக்கு இல்லை,
அந்த வாரம் கபடி உண்டா என்பதற்கு.

வில்லிவாக்கத்தில் நாலரைக்குக் கிளம்பி
பெருங்களத்தூர் வந்தபோது
கிளட்ச் வயர் அறுந்தது.
சத்தம்கூட இல்லை.
பிடித்துக்கொண்டிருந்த கை ஒன்று
தன் கையை உருவிக்கொண்ட மாதிரி
விரல்களுக்குள் திடீரென்று ஒன்றுமில்லை.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறப்பதற்கு முந்தைய வருடம் அது.
தென்காசி, செங்கோட்டை, நாகர்கோவில் என்று
போர்டு போட்ட பஸ்கள் வந்து நின்றன.
அரைத்தூக்கத்தில், கையில் அரிசி மூட்டையோடு,
நான் போகவேண்டிய ஊரெல்லாம்
எனக்கு எதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் சவரிமுத்து ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினான்.
"ஞாயித்துக்கெழம வயர் எங்கக்கா கெடைக்கும்?
புதுப்பேட்டையில ஒருத்தன் வச்சிருப்பான்.
போன் எடுக்க மாட்டான்.
இன்னிக்கு எனக்கு மேட்ச் வேற."

பீர்க்கன்காரணை ஏரிக்குப் பின்னால்
வாலிபால் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்கோர் எழுதுகிற கெவினுக்குக் காய்ச்சலாம்.
"அக்கா, எழுதுவீங்களா?"
பதினாறு வருடமாகப் பற்று வரவு எழுதுகிறவளிடம் கேட்கிறான்.
தாள்தான் இல்லை.
மடித்து வைத்திருந்ததைத் திருப்பி
நடுவில் ஒரு கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் ஏரிக்கரைப் பையன்கள்,
அந்தப் பக்கம் இரும்புலியூர்.

முதல் செட் போனது. இரண்டாவது வந்தது.
சவரிமுத்து சர்வீஸ் போட்ட பந்தில்
கிரீஸ் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன.
எதிராளி உள்ளங்கையில் துடைத்துவிட்டுத் திட்டினான்,
பாயின்ட்டுக்கா அழுக்குக்கா தெரியவில்லை.

இருட்டியதும் கோர்ட் ஓரத்தில் ஒருத்தி தோசைக்கல்லை ஏற்றினாள்.
பேர் ரோஸ்மேரி. இட்லி, தலைக்கறி,
கரண்டியால் கல்லில் தட்டித் தட்டி வறுத்த குடல்.
"போட்டி எப்ப முடியும்?" என்றேன், ஆட்டத்தைக் காட்டி.
"இப்பவே முடிஞ்சிடும்மா, அரைக்கிலோதான் இருக்கு.
ஒரு பிளேட் எடுத்துக்கோ."
எடுத்துக்கொண்டேன்.
மிளகு காரத்தில் மூக்கு ஒழுக,
இடது கையால் கட்டம் கட்டமாக எழுதினேன்.
பதிமூன்று பதிமூன்று என்ற இடத்தில்
இன்றும் ஒரு எண்ணெய்க்கறை இருக்கும்.

ஐந்தாவது செட், பதினேழு பதினைந்து.
ஏரிக்கரை ஜெயித்தது. நான் எழுந்து கத்தினேனாம்,
சவரிமுத்து பிறகு சொன்னான்.

தோற்றவர்களின் கேப்டன்தான் வந்து
தன் வண்டியிலிருந்து வயரைக் கழற்றிக் கொடுத்தான்.
"எனக்கு இனிமே எங்க போற வேல, எடுத்துக்குங்க."
செல்போன் வெளிச்சத்தில் மாட்டினார்கள்.
மீட்டரில் காலையில் பார்த்த அதே எண்:
வீட்டிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர்.

கமிட்டிக்குக் கொடுக்க ஸ்கோர் தாளைக் கேட்டார்கள்.
கொடுத்துவிட்டேன்.
திண்டுக்கல்லும் கோவில்பட்டியும் பின்பக்கம் இருந்தன.
ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன.
கிளட்சை ஒருமுறை அழுத்தி, மெல்ல விட்டேன்.
பிடித்தது.

ரோஸ்மேரி கல்லைச் சுரண்டியபடி கேட்டாள்,
"நாளைக்கு ஃபைனலாமே. போட்டிக்கு இருப்பியா?"
எந்தப் போட்டி என்று கேட்காமலே
தலையாட்டினேன்.